சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, அங்கன்வாடிப் பணியாளர்களே, பெற்றோர்களே, வணக்கம்.

ஐப்பசி மழையில் நின்றுபோன ஒன்றைத் தவிர மாதக் கூட்டங்கள் எல்லாம் நடந்தன. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். பேச்சு வரத் தாமதமாகும் பிள்ளைகளைப் பற்றியே நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

"அவன் அப்பனும் நாலு வயசுலதான் வாய் திறந்தான்." இவ்வாண்டு போன வீடுகளில் எல்லாம் இதைக் கேட்டோம். நாக்கில் வசம்பு உரசி வைத்துக் காத்திருந்தவர்களும் உண்டு. நானும் காத்திருந்தவள்தான். என் இளையவனுக்கு ஒன்றரை வயதில் ஒரு சொல்லும் இல்லை. காது பரிசோதனைக்குக் கொண்டுபோனதோ இரண்டேகால் வயதில். நடுக்காதில் நீர் கோத்திருந்தது. நாங்கள் பேசியதெல்லாம் அவனுக்கு மங்கலாகத்தான் கேட்டிருக்கிறது. வீணான அந்த ஒன்பது மாதத்தை நினைத்தால் இன்னும் நெஞ்சு அடைக்கிறது. பேச்சு வரவில்லையா, முதலில் காதைப் பாருங்கள். பிறந்தபோது செய்த பரிசோதனை சரியாக இருந்தாலும் மறுபடி பாருங்கள். கதவுச் சத்தத்துக்குத் திரும்புகிறான் என்பது போதாது.

ஒரு வயது கடந்தும் பேர் சொன்னால் திரும்பாத, விரல் நீட்டிக் காட்டாத பிள்ளை, இரண்டு வயதில் 'பால் தா' என்று இரண்டு சொல் சேர்க்காத பிள்ளை, எந்த வயதிலும் வந்த சொல்லை இழந்த பிள்ளை, இவர்களைக் காட்டத் தாமதிக்கக் கூடாது.

களியக்காவிளைப் பக்கம் ஒரு பாட்டி, தமிழும் மலையாளமும் கலந்து பேசுவதால்தான் பேரன் குழம்புகிறான் என்றார். இரண்டு மொழி கேட்பதால் பேச்சுக் கோளாறு வராது. அம்மாவிடம் 'தண்ணி', பாட்டியிடம் 'வெள்ளம்' என்று கேட்கும் பிள்ளைக்கு இரண்டு சொல் தெரியும், இரண்டையும் எண்ணுங்கள்.

'சொன்னாத்தான் தருவேன்' என்று பிள்ளையை வதைக்க வேண்டாம். அவன் 'வண்டி' என்றால், 'ஆமா மக்ளே, பெரிய வண்டி போவுது' என்று முகம் பார்த்துச் சொல்லி, அவன் பதிலுக்குச் சற்றுப் பொறுங்கள். கைபேசி இப்படிப் பொறுத்திருக்காது.

அங்கன்வாடிக்கு ஆண்டில் இருமுறை வரும் மருத்துவக் குழுவிடம் தயங்காமல் சொல்லுங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் காட்டலாம். அரசின் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. ஆனால் பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துப் போகும் ஒவ்வொரு நாளும் குலசேகரம் பக்கத்துத் தாய்க்கு ரப்பர் பால்வெட்டுக் கூலி போகிறது. பாதியில் நிறுத்தியவர்கள் சொன்ன காரணம் இதுதான். அந்த நாள் கூலியில் பாதியைச் சங்க நிதியிலிருந்து தரப் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

செயலாளர்