ஏசி போர்டின் சர்க்யூட் படத்தைக் கொடுங்கள்: கார் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கார் வடிவமைக்கும், விற்கும், சர்வீஸ் நடத்தும் எல்லா நிறுவனங்களுக்கும்,

வணக்கம். உங்களுக்கு வரும் கடிதங்களில் பாதி மைலேஜ் பற்றியும் மீதி டெலிவரி தாமதம் பற்றியும் இருக்கும் என்று நினைக்கிறேன். இது டாஷ்போர்டுக்குள் உட்கார்ந்திருக்கும் உள்ளங்கை அளவு பச்சை போர்டு ஒன்றைப் பற்றியது. ஏசியை ஆன் செய்வது, காற்றின் வேகத்தைக் கூட்டிக் குறைப்பது, முகத்துக்கா காலுக்கா கண்ணாடிக்கா என்று காற்றைத் திருப்பிவிடுவது எல்லாம் அதன் வேலை.

நான் போர்டு ரிப்பேர் செய்பவன். என் மேஜைக்கு வரும் ஏசி போர்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு சர்வீஸ் சென்டர் ஏற்கெனவே தீர்ப்பு எழுதிவிட்டது: "போர்டு போச்சு, புதுசு போடணும்." ஆனால் போர்டு போயிருக்காது. காலையில் நன்றாக வேலை செய்யும், வெயிலில் நிறுத்தி எடுத்தால் டிஸ்ப்ளே அணைந்துவிடும், டாஷ்போர்டை ஒரு தட்டு தட்டினால் திரும்ப எரியும். தட்டினால் சரியாகிறது என்றாலே எங்கோ ஒரு இணைப்பு விட்டு விட்டுத் தொடுகிறது என்று அர்த்தம், சிப் எரிந்திருந்தால் எத்தனை தட்டு தட்டினாலும் எழுந்திருக்காது.

கழற்றி பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்தால் விஷயம் கண்ணுக்கே தெரியும். கனெக்டர் பின்களைச் சுற்றி, ரிலே என்ற மின் சுவிட்சின் கால்களைச் சுற்றி, சால்டரில் (பாகங்களை போர்டோடு பிடித்துவைக்க உருக்கி ஊற்றும் உலோகப் பற்றில்) தலைமுடி மாதிரி ஒரு வளையக் கோடு. வெயிலில் நிற்கும் காரின் டாஷ்போர்டு 70 டிகிரி செல்சியஸ் வரை போகும், இரவில் ஆறும், மறுநாள் திரும்ப ஏறும். போர்டு ஒரு அளவுக்கு விரியும், செம்பு ஒரு அளவுக்கு, சால்டர் இன்னொரு அளவுக்கு, இந்த இழுபறி வருஷக்கணக்கில் நடக்க, கூடவே சாலை அதிர்வும் சேர்ந்துகொள்ள, கடைசியில் விட்டுக்கொடுப்பது சால்டர்தான். அதிலும் கனமான கனெக்டரை போர்டில் ஒரு திருகோ கிளிப்போ போட்டுப் பிடிக்காமல், முழு எடையையும் பின்களின் சால்டரே தாங்கட்டும் என்று விட்டிருக்கிறீர்களே, அது யாருடைய யோசனை என்று கேட்க ரொம்ப நாளாக ஆசை.

இதைச் சரிசெய்வது அரை மணி நேர வேலை. சால்டர் நன்றாக ஒட்ட உதவும் ஃப்ளக்ஸ் பசையைத் தடவி, விரிசல் விட்ட பழைய சால்டரை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதுசு போட வேண்டும். பழசின் மேலேயே சூடு காட்டினால் கொஞ்ச நாளில் திரும்ப விரிசல் விடும். ஈயம் கலந்த பழைய சால்டர் 183 டிகிரியில் உருகும், ஈயம் இல்லாதது சுமார் 217க்கு மேலே, அதனால் எது இருக்கிறது என்று தெரிந்து அதற்கேற்ற சூடு வைக்க வேண்டும். அப்புறம் ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் துடைத்துவிட்டு, மல்டிமீட்டரில் ஒவ்வொரு பின்னையும் சோதித்தால் முடிந்தது. இதற்காக ஒரு முழு போர்டு குப்பைக்குப் போகிறது.

எல்லாக் கோளாறும் இவ்வளவு சுலபம் என்று சொல்லவில்லை. மின்சாரத்தைத் தேக்கிவைத்து விடும் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்களுக்குள் இருக்கும் திரவம் உலர்ந்துபோகும். வெப்பம் 10 டிகிரி குறைந்தால் அதன் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது உங்கள் இன்ஜினியர்கள் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. அப்படியிருந்தும் வோல்டேஜைச் சீராக்கும், சூடாகும் ரெகுலேட்டருக்கு ஒட்டியே கெபாசிட்டரை வைக்கிறீர்கள். சில போர்டுகள் காரை அணைத்த பிறகும் தூங்காமல் கரண்டை இழுத்துக்கொண்டே இருக்கும், காலையில் பேட்டரி காலி, உரிமையாளர் பாவம் பேட்டரியை மாற்றிக்கொண்டிருப்பார்.

இதைவிட மோசம், காரணம் போர்டிலேயே இல்லாதபோது போர்டை மாற்றுவது. காற்றை ஊதும் ப்ளோயர் மோட்டாரின் பேரிங் இறுகிவிட்டால் மோட்டார் அதிக கரண்ட் இழுக்கும், அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரான்சிஸ்டர் சூடாகும், கனெக்டர் பிளாஸ்டிக் உருகும். இந்த நிலையில் புது போர்டு போட்டால் அதுவும் அதே இடத்தில் கருகும். முதலில் மோட்டார் எவ்வளவு ஆம்பியர் இழுக்கிறது என்று பார்த்திருந்தால் போதும். ஆனால் உங்கள் சர்வீஸ் கையேட்டில் ஏசி போர்டு இருக்கும் பெட்டிக்கு (மாட்யூலுக்கு) நேரே "மாட்யூலை மாற்றவும்" என்ற ஒற்றை வரிதான் இருக்கிறது. அதைப் படித்து வேலை செய்யும் மெக்கானிக்கை நான் குறை சொல்ல மாட்டேன், அவருக்கும் நீங்கள் வேறெதையும் காட்டவில்லை.

சரி, பழைய காரிலிருந்து கழற்றிய நல்ல போர்டு ஒன்றைப் போடலாம் என்றால் அங்கேயும் பூட்டு. போர்டில் எட்டுக் கால் உள்ள ஒரு சின்ன மெமரி சிப்பில் அந்தக் காரின் விவரங்களை எழுதி வைத்திருக்கிறீர்கள், பொருந்தாத போர்டை வண்டி ஏற்காது. எங்களைப் போன்றவர்கள் அந்த சிப்பைப் பிடுங்கி மாற்றி வைத்தோ, உள்ளே இருப்பதை நகலெடுத்தோ சமாளிக்கிறோம். இன்ஜின் கம்ப்யூட்டருக்குப் பூட்டு போடுங்கள், திருட்டு பயம் நியாயம்தான். ஏசி பேனலைத் திருடி ஒருவன் என்ன செய்யப்போகிறான்?

தெரியாதவர்கள் கை வைத்தால் ஆபத்து என்று பதில் சொல்வீர்கள். டாஷ்போர்டுக்குள் ஏர்பேக் வயர்கள் ஓடுகின்றன, பேட்டரியைக் கழற்றாமல் நோண்டினால் உண்மையிலேயே ஆபத்துதான். அதனால்தான் முறையான வழிமுறையை எழுதித் தரச் சொல்கிறேன். நீங்கள் தராததால் யாரும் கை வைக்காமல் இல்லை, தெரியாமல் கை வைக்கிறார்கள், அவ்வளவுதான். இன்னொரு பக்கம் ஆபத்தையும் பாருங்கள். மழையில் முன்கண்ணாடி உள்பக்கம் பனி மூடினால் அதை வேகமாகப் போக்குவது ஏசிதான், காற்றிலிருக்கும் ஈரத்தை அது எடுத்துவிடும். போர்டு செத்த காரில் டிரைவர் ஒரு கையில் துணியை வைத்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஓட்டுகிறார்.

சட்டம் ஏற்கெனவே இருக்கிறதே என்றும் சொல்லலாம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012ல் மக்கள் வாக்களித்து, டீலர்களுக்குக் கிடைக்கும் ரிப்பேர் தகவல் வெளிக் கடைகளுக்கும் கிடைக்க வேண்டும் என்று கொண்டுவந்தார்கள், நல்ல விஷயம். ஆனால் டீலருக்கே நீங்கள் கொடுப்பது "மாட்யூலை மாற்றவும்" என்ற வரிதான் என்றால், அதே வரி எனக்கும் கிடைத்து என்ன பயன்? ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021லிருந்து வீட்டு வாஷிங் மெஷினுக்கு, கடைசி மெஷின் சந்தைக்கு வந்து 10 ஆண்டுகள் வரை சர்க்யூட் போர்டு உள்பட உதிரி பாகங்களும், தொழில்முறை ரிப்பேர் செய்பவர்களுக்கு வயரிங் படங்களும் கிடைக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. துணி துவைக்கும் இயந்திரத்துக்குக் கிடைக்கும் மரியாதையைத்தான் காருக்கும் கேட்கிறேன்.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. போர்டின் சர்க்யூட் படம், கனெக்டரின் எந்தப் பின்னில் எத்தனை வோல்ட் வர வேண்டும் என்ற பட்டியல், உங்கள் ஸ்கேனர் காட்டும் கோளாறு எண்களின் அர்த்தம். இன்ஜின் புகை சம்பந்தமான எண்கள் பல ஆண்டுகளாகப் பொதுவாகவே இருக்கின்றன, ஏசி மாதிரி விஷயங்களின் எண்களைத்தான் ஆளுக்கொரு விதமாக வைத்துக்கொண்டு அர்த்தம் சொல்ல மறுக்கிறீர்கள். ஒரு காரிலிருந்து கழற்றிய போர்டை வேறொரு காருக்குப் பழக்கும் வசதியையும் வெளிக் கடைகளுக்குத் திறந்துவிடுங்கள்.

போட்டி நிறுவனம் காப்பியடித்துவிடும் என்று பயமாக இருந்தால், உற்பத்தியை நிறுத்திவிட்ட மாடல்களிலிருந்து தொடங்குங்கள். அந்தப் படங்களைப் பூட்டி வைத்து நீங்கள் எதையும் சம்பாதிக்கப் போவதில்லை. அவற்றில் பலவற்றுக்குப் புது போர்டு கேட்டால் ஸ்டாக் இல்லை என்றுதானே உங்கள் கவுன்டரிலேயே சொல்கிறார்கள்.

இப்படிக்கு,
போர்டு ரிப்பேர் செய்யும் ஒருவன்