தன்பியூசயாட் வாசலில் ஒரு கல்: போர்க் கல்லறை ஆணையத்துக்குத் திறந்த மடல்

காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தாருக்கு வணக்கம்.

பர்மாவில் மோன் மாநிலம், தன்பியூசயாட் பக்கத்தில் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிற ஒரு தமிழ் ஊரிலிருந்து எழுதுகிறேன். நாலு தலைமுறையாக இங்கேதான் இருக்கிறோம். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் போட்ட சயாம் (இன்றைய தாய்லாந்து) – பர்மா ரயில் பாதையில் செத்த போர்க் கைதிகளுக்காக நீங்கள் இங்கே வைத்திருக்கிற கல்லறைத் தோட்டம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அதற்குள் குறுக்கே ஓடித் தோட்டக்காரரிடம் எத்தனையோ முறை திட்டு வாங்கியிருக்கிறோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நான் சண்டைக்கு வரவில்லை. இந்த நாடு எத்தனையோ ஆட்சி பார்த்துவிட்டது, ஊரடங்கு பார்த்துவிட்டது, அத்தனைக்கும் நடுவில் அங்கே புல் வெட்டாமல் கிடந்து நான் பார்த்ததில்லை. காமன்வெல்த் நாட்டவர் 3,149 பேர், டச்சுக்காரர் 621 பேர், ஒவ்வொருவருக்கும் தரையோடு தரையாக ஒரு தாழ்ந்த கல், அதன்மேல் வெண்கலப் பட்டயம், அதில் பேர், படைப்பிரிவு, வயது. மழைக்காலம் முடிந்து போய்ப் பார்த்தால் பட்டயத்தின் ஓரங்களில் பச்சை படிந்திருக்கும், தோட்டக்காரர் பழைய லுங்கித் துணியை நனைத்து ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டு போவார். 22, 24, 23 என்று அந்த வயதுகளைப் படித்துக்கொண்டே நடந்தால் யாருக்கானாலும் நெஞ்சு அடைக்கும். நான் கேட்க வந்தது வேறு ஆட்களைப் பற்றி, அதே பாதையில் செத்த கூலிகளைப் பற்றி. ஆனால் அதற்கு முன்னால் உங்கள் ஆள் ஒருவரைப் பற்றிப் பேச வேண்டும்.

காலின் செயின்ட் கிளேர் ஓக்ஸ். உங்களுக்குத் தெரியாத பேர் இல்லை. எங்கள் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: 1908-ல் பிறந்த ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர். 1931-ல் ரோம் நகரில் போய்ப் படிப்பதற்கான பரிசு அவருக்குக் கிடைத்தது, அந்தக் காலத்தில் இளம் ஆர்க்கிடெக்டுகள் அதற்காகத் தவம் கிடப்பார்களாம். அப்புறம் இந்தியாவுக்கு வேலைக்கு வந்தார், போர் வந்தது, பட்டாள உடுப்பு மாட்டிக்கொண்டு பர்மா முனையில் பணி செய்தார். போர் முடிந்த கையோடு உங்கள் ஆணையம், அப்போது அதன் பேர் இம்பீரியல் ஆணையம், இந்தியா, பர்மா, சயாம், மலாயா, சிங்கப்பூர் என்று சுற்றிவந்து எங்கே கல்லறைத் தோட்டம் அமைப்பது, எப்படி அமைப்பது என்று பார்க்கச் சொல்லி இவரைத்தான் அனுப்பியது. சரியான ஆளைத்தான் பிடித்தீர்கள், அதில் சந்தேகமில்லை. ரோமாபுரித் தூண்களையும் பார்த்திருக்கிறார், பர்மாக் காட்டுச் சேற்றையும் மிதித்திருக்கிறார், அப்படி ஒருவர் கிடைப்பது லேசா?

சயாமில் காஞ்சனபுரி, சுங்காய், ஹாங்காங்கில் சாய் வான், இந்தக் கல்லறைத் தோட்டங்கள் எல்லாம் அவர் கைவேலை. சிங்கப்பூர் கிராஞ்சி நினைவகத்தைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். விமானச் சிறகு மாதிரி விரிந்த கூரை, நடுவில் உயர்ந்து நிற்கிற கோபுரம், தூண் தூணாக 24,000-க்கும் மேற்பட்ட பேர்கள், 1957-ல் திறந்தது. அந்தத் தூண்களில் தமிழ்ப் பேர்களும் உண்டு, பட்டாளத்தில் இருந்தவர்கள் என்பதால். பிறகு ஓக்ஸ் இங்கிலாந்துக்குத் திரும்பி பூட்ஸ் என்கிற பெரிய மருந்துக் கடை நிறுவனத்துக்கு ஆர்க்கிடெக்ட் ஆனார். வாழ்க்கையின் ஒரு பாதி சாவுக்கு வீடு கட்டியவர் மறுபாதியில் மருந்துக் கடை கட்டினார் என்பதை முதலில் கேட்டபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது, கொஞ்ச நேரம் கழித்து வரவில்லை.

ஏன் வரவில்லை என்றால், எங்கள் ஊரில் பினாங்குத் தாத்தா என்று ஒருவர் இருந்தார். மலாயாத் தோட்டத்திலிருந்து ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுவந்த ஆட்களில் ஒருவர். மூன்றே மாத வேலை, நல்ல கூலி, அரிசி தருவோம் என்று சொல்லித்தான் ஏற்றினார்களாம். 415 கிலோமீட்டர் பாதை, சயாம் பக்கத்திலிருந்தும் எங்கள் பக்கத்திலிருந்தும் போட்டுக்கொண்டே வந்து 1943 அக்டோபரில் இணைத்தார்கள். அந்த வருடம் மழையோடு சேர்ந்து காலரா வந்தது. வெள்ளைக்காரக் கைதிகளின் முகாமில் கூடவே பிடிபட்ட டாக்டர்கள் இருந்தார்கள், மருந்து இல்லாவிட்டாலும் தண்ணீரைக் கொதிக்க வை என்று அதட்டிச் சொல்ல ஆள் இருந்தது. கூலிகளின் கொட்டகையில் அதுவும் இல்லை. தாத்தா ஊருக்குத் திரும்பவில்லை, இங்கேயே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு ரப்பர் வெட்டினார். ஆடி அமாவாசைக்கு ஆற்றங்கரையில் உட்கார்ந்து எள்ளும் தண்ணீரும் விடும்போது தன் கொட்டகை ஆட்களின் பேரை விரல் மடக்கி மடக்கிச் சொல்வார். எண்ணிக்கை ஒவ்வொரு வருடமும் குறையும். மறந்துபோகிறதே, மறந்துபோகிறதே என்று தலையில் அடித்துக்கொள்வார். எழுதி வைக்கலாம் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை, அது எங்கள் தப்பு, அதை உங்கள் தலையில் கட்டவில்லை.

இப்போது உங்கள் கணக்குக்கே வருவோம். இந்தப் பாதையில் சுமார் 13,000 போர்க் கைதிகள் இறந்தார்கள் என்கிறீர்கள். அதே பத்தியில் 80,000 முதல் 1,00,000 பொதுமக்களும் இறந்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். மலாயாவிலிருந்து வந்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். எங்கள் பர்மியர்கள், மோன்கள், ஜாவாக்காரர்களும் அந்தக் கணக்கில் உண்டு. 1945 செப்டம்பரில் ஒரு சின்னக் குழு பாதை நெடுகப் போய், 144 இடங்களில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகளின் கல்லறைகளைத் தேடிப் பார்த்தது. கிடைக்காமல் போனவை 52. வெறும் 52! கைதிகள் தங்கள் செத்துப்போன தோழர்களின் இடங்களை வரைபடம் போட்டு ஒளித்து வைத்திருந்ததால் அது முடிந்தது, அதை நான் மதிக்கிறேன். ஆனால் அதே பாதை, அதே காடு, பத்தடி தள்ளி இன்னொரு குழி. 1990-ல் காஞ்சனபுரியில் கரும்புத் தோட்டத்தைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் ஒரே இடத்தில் கிடைத்தன. எங்கள் பக்கம் தோண்டிப் பார்க்கவே யாரும் இல்லை.

ஓக்ஸ் இங்கே சுற்றிய நாட்களில் அந்தக் கொட்டகைகளின் மூங்கில்கூட முழுதாக மக்கியிருக்காது. அவர் பார்த்திருப்பார் என்றுதான் நான் நினைக்கிறேன். பட்டாளத்தில் இருந்தவருக்குக் கூலிக் கொட்டகை எது, கைதி முகாம் எது என்று தெரியாதா? ஆனால் அவர் கையில் கொடுத்த காகிதத்தில் சீருடை போட்டவர்கள் மட்டும்தான். கொத்தனாரிடம் கேட்காத அறையை அவர் கட்ட முடியாது, ஆகவே அவர்மேல் எனக்குக் கோபமில்லை, காகிதத்தை எழுதியவர்களிடம்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் சாசனத்தில் பொதுமக்களுக்கு இடமில்லை என்பீர்கள். அப்படியானால் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் குண்டுவீச்சில் செத்த பொதுமக்களின் பேர்ப் புத்தகம் உங்கள் பொறுப்பில் எப்படி இருக்கிறது? பேர் தெரியாது என்பீர்கள். பேர் தெரியாத வீரனுக்கு இறைவனுக்குத் தெரிந்தவன் என்று கல் வைத்தவர்கள்தானே நீங்கள். 2021-ல் ஆப்பிரிக்க, ஆசிய வீரர்களைச் சரிசமமாக நினைவுகூரவில்லை என்று நீங்களே அறிக்கை போட்டு மன்னிப்புக் கேட்டீர்கள், 2025 ஜனவரியில் கேப் டவுனில் 1,700-க்கும் மேற்பட்ட கறுப்பினத் தொழிலாளர் படையினருக்கு மரத் தூண்களில் பேர் பொறித்தீர்கள். தொழிலாளிக்கும் தூண் நடலாம் என்று நீங்களே காட்டிவிட்ட பிறகு எங்களுக்குக் கேட்கக் கூச்சமில்லை.

இன்னொன்றையும் போகிற போக்கில் சொல்கிறேன். ரங்கூனுக்கு வடக்கே தௌச்சான் நினைவகத்தில் சுமார் 27,000 பேர்கள் இருக்கின்றன. நடு மண்டபத்தில் அவர்கள் எல்லாச் சுதந்திர மனிதருக்காகவும் இறந்தார்கள் என்று ஐந்து மொழியில் வெட்டியிருக்கிறீர்கள்: ஆங்கிலம், பர்மியம், இந்தி, உருது, குர்முகி எழுத்தில் பஞ்சாபி. மெட்ராஸ் சாப்பர்ஸ் என்கிற நம் பொறியாளர் பட்டாளம் பாலம் போட்டுத்தானே உங்கள் படை ஆறு தாண்டியது? ஆறாவதாக ஒரு வரிக்கு இடமில்லாமலா போயிற்று? சரி, அது தனிக் கடிதம்.

நான் கேட்பது கிராஞ்சி மாதிரி கோபுரம் இல்லை. தன்பியூசயாட் வாசலில் ஒரே ஒரு கல். தன்பியூ என்றால் தகரம், சயாட் என்றால் வழிப்போக்கர் தங்கும் சாவடி, தகரக் கூரைச் சாவடி என்றுதான் ஊருக்கே பேர். அந்தச் சாவடிக்கு வந்து திரும்பாத கூலிகள் இத்தனை ஆயிரம் பேர் என்று தமிழிலும் பர்மியத்திலும் மோன் மொழியிலும் ஜாவாக்காரர்கள் படிக்கிற எழுத்திலும் நாலு வரி. ஓக்ஸ் காஞ்சனபுரியில் வைத்த அளவே போதும், தாழ்ந்த கல், மேலே பட்டயம், கூட ஒரு விரல் உயரம்கூட வேண்டாம். காஞ்சனபுரியில் மலேசியத் தமிழர்கள் தாங்களே ஒரு நடுகல் நட்டுவிட்டார்கள். இங்கே நாடு இருக்கிற நிலையில் நாங்களாகக் கூடி நட முடியாது, அதனால்தான் உங்கள் வேலிக்குள் இடம் கேட்கிறோம்.

கல் செலவு எங்கள் ஊருடையது. தமிழ் வரிகளை வெட்டுவதற்கு முன்னால் மட்டும் எங்களிடம் ஒரு தரம் காட்டிவிடுங்கள், எங்கள் கோயில் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லித் தருகிற அம்மா எழுத்துப் பிழை ஒன்றைக்கூட விடமாட்டார்.