தடைக்காலத்தில் வின்ச்சையும் பாருங்கள்

நீரோடி முதல் குளச்சல் வரையுள்ள விசைப்படகு உரிமையாளர் சங்கங்களுக்கு,

ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம், படகுகள் கரையில்தான். இந்த 61 நாளில் இஞ்சினைக் கழற்றி வேலை பார்ப்பீர்கள், பெயின்ட் அடிப்பீர்கள், மாதா பெயரைப் புதிதாக எழுதுவீர்கள். எல்லாம் வேண்டியதுதான். அதோடு வலை வயரை இழுத்துச் சுற்றும் வின்ச்சையும் கொஞ்சம் பாருங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

உங்களில் பலர் தளத்தில் நின்று தொழில் பழகியவர்கள், உங்களுக்கே தெரியும். வலை ஏறும்போது வயர் வின்ச்சின் உருளையான டிரம்மில் ஒரே பக்கமாகக் குவியக்கூடாது என்று ஒருவர் கம்பியாலோ, அவசரத்தில் கையாலோ தள்ளிக்கொண்டே நிற்பார். பழைய வயரில் இழை அறுந்து முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும். அது சட்டைக் கையில் மாட்டினால் விரலோடு நிற்காது. வின்ச்சை நிறுத்தும் கிளட்ச் அந்தப் பக்கம் இருக்கும், படகை ஓட்டும் ஸ்ராங்கு முன்னால் வீல்ஹவுசில் இருப்பார். இஞ்சின் இரைச்சலில் யார் அலறினாலும் அவருக்குக் கேட்காது.

டிரம்முக்கு முன்னால் ஒரு கம்பித் தடுப்பு, வயருக்கு வழிகாட்ட ஓர் உருளை, டிரம் பக்கம் நிற்பவர் கை எட்டும் இடத்தில் நிறுத்தும் லீவர். வெல்டிங் பட்டறையில் முடிகிற வேலைதான். ஆனால் இதை டீசல், ஐஸ், அரிசிக் கணக்கோடு சேர்த்துத் தொழிலாளி பங்கில் கழிக்காதீர்கள். இஞ்சின் செலவு யாருடையதோ, இதுவும் அவருடையது.

காப்பீடு இருக்கிறதே என்பீர்கள். உயிர் போனால் 5 லட்சம், நிரந்தரமாகப் பகுதி ஊனம் என்றால் 2.5 லட்சம். சரி, மூன்று விரல் போனவரை அடுத்த சீசனில் எந்தப் படகில் ஏற்றுவீர்கள்?

தூக்கமும் இதில் சேர்ந்ததுதான். மூன்று நாளுக்கு மேல் கடலில் தங்கும் படகில் 24 மணி நேரத்தில் 10 மணி, வாரத்தில் 77 மணி ஓய்வு வேண்டும் என்கிறது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2007-ஆம் ஆண்டு ஒப்பந்தம். இந்தியா இன்னும் அதில் சேரவில்லை. சேரும்போது சேரட்டும். இரண்டு ராத்திரி கண் மூடாதவரை டிரம் பக்கம் நிறுத்தாமல் இருக்க டெல்லியின் கையெழுத்து வேண்டாமே.

அப்புறம் மீன் அறை. நாள்கணக்கில் மூடிக்கிடந்த அறையில் மீன்கழிவு அழுகி விஷவாயு கட்டும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் வரும், கொஞ்ச நேரத்தில் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. உள்ளே விழுந்தவரைத் தூக்க இறங்குபவரும் விழுவார், சாவு இரட்டிப்பது இப்படித்தான். மூடியைத் திறந்துவைத்து, ஊதுவிசிறி போட்டு, வெகுநேரம் காற்று போன பிறகுதான் ஆளை இறக்க வேண்டும். இடுப்பில் கயிறு, மேலே காவலுக்கு ஆள், இரண்டும் கட்டாயம்.

விழிஞ்ஞத்தில் கேரள அரசின் கடல் ஆம்புலன்ஸ் நிற்கிறது, கடலோரக் காவல்படையை 1554-இல் அழைக்கலாம். ஆனால் லட்சத்தீவுக்கு அப்பால் கிடக்கும் படகுக்கு உதவி வந்து சேரும்வரை ரத்தத்தை நிறுத்தப்போவது கூட இருப்பவர்தான். காயத்தில் காப்பித்தூள் அப்பாமல் சுத்தத் துணியால் அழுத்திப் பிடிக்க, படகுக்கு இரண்டு பேருக்காவது தடைக்காலத்திலேயே பயிற்சி கொடுங்கள்.

ஆய்வுக்கு வரும் மீன்வளத்துறை அதிகாரிகள் படகின் நீளத்தையும் இஞ்சின் குதிரைத்திறனையும் பார்ப்பார்கள். வின்ச் தடுப்பையும் பார்க்கச் சொல்லிச் சங்கமே எழுதிக் கொடுக்கட்டும். ஜூலை கடைசியில் நீங்களே டிரம் பக்கம் நின்று, லீவர் கைக்கு எட்டுகிறதா என்று பாருங்கள். எட்டாத படகுக்கு ஐஸ் ஏற்ற வேண்டாம்.

இப்படிக்கு,
வள்ளவிளை படகுத் தொழிலாளி ஒருவன்