உளுந்து எடுக்கும்போது வந்துவிடு

மாப்ளே,

இங்கே எல்லாரும் நலம். உன் அம்மாவை நேற்று சாயங்காலம் பார்த்துவிட்டு வந்தேன். மாத்திரையெல்லாம் நேரத்துக்குப் போடுகிறார்கள், சாப்பாடுதான் பாதியாகிவிட்டது. குட்டையன் மகளுக்கு வைகாசியில் கல்யாணம். பத்திரிகை திருப்பூருக்கே கொண்டுவந்து கொடுப்பேன் என்று அடம்பிடிக்கிறான்.

போனில் பேசினால் "அப்புறம் பார்க்கலாம்டா" என்று நீ வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம். அப்பா கருமாதி முடிந்து பந்தல் பிரிக்கும்போது சொன்னாயே, "நிலம் எங்கே ஓடிவிடப் போகிறது, கிடக்கட்டும்" என்று. அன்றிலிருந்து அந்த வார்த்தைதான் எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது.

நிலம் ஓடாது, சரி. ஆனால் வரப்பு நகரும். நடவுக்கு முன்னால் வரப்பைச் சீவி அண்டை கட்டுகிறார்கள் இல்லையா, அப்போது ஒரு பக்கம் மண்வெட்டி கொஞ்சம் ஆழமாக விழும், வெட்டிய சேறு மறுபக்கம் ஏறும். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, ஒரு போகத்தில் கண்ணுக்கும் தெரியாது. முந்நூறு அடி நீள வரப்பு ஒரே ஒரு அடி தள்ளிப் போனால் முந்நூறு சதுர அடி, அதாவது இரண்டு குழிக்கு மேல். அப்பா இருந்தவரை தினமும் காலையில் நடந்து பார்த்த வரப்பு அது. இனி யார் நடக்கப் போகிறார்கள்?

அப்பா வாங்கிய நிலம், வேப்பமரத்துக் கட்டளை, அதன் பத்திரத்தை எடுத்து, கடைசியில் நான்கெல்லை எழுதியிருக்கும் இடத்தைப் படி. இன்னார் நிலத்துக்கு மேற்கு, இன்னார் நிலத்துக்குத் தெற்கு, கன்னி வாய்க்காலுக்கு (வயலுக்குத் தண்ணீர் விடுகிற சின்ன வாய்க்கால்) வடக்கு என்று இருக்கும். அந்த இன்னார்கள் எல்லாரும் செத்துப்போனவர்கள். அவர்களுடைய நிலம் இன்று யார் கையில் இருக்கிறது, எந்த வாய்க்காலைத் தூர்த்துப் பாதையாக்கினார்கள் என்பதெல்லாம் எந்தத் தாளிலும் இல்லை. பெரியப்பாவின் தலைக்குள் இருக்கிறது. அவருக்கு எண்பத்திரண்டு வயது.

அளவிலும் ஒரு சிக்கல் உண்டு. பத்திரம் மா, குழியில் இருக்கும், பட்டா ஹெக்டேர், ஏரில் (ஹெக்டேரில் நூறில் ஒரு பங்கு) இருக்கும். ஒரு குழி பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு, 144 சதுர அடி. நூறு குழி ஒரு மா, ஏறத்தாழ 33 சென்ட். இருபது மா ஒரு வேலி. மூன்று மா நிலமென்றால் பட்டாவில் சுமார் 40 ஏர் இருக்க வேண்டும். 0-40 என்று இருந்தால் நிம்மதி. 0-36 என்று இருந்தால் நான்கு ஏர் எங்கே போனது என்று கேள். 1980களில் யு.டி.ஆர். என்று நிலப் பதிவேட்டைப் புதுப்பித்து எழுதும்போது விழுந்த தப்பு பல இடங்களில் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அதைத் திருத்த மனுப் போட்டு அலைய வேண்டும், ஆனால் திருத்த முடியும்.

சர்வே எண் தெரிந்தால், நிலத்தின் எல்லையைக் காட்டும் புலப்படத்தின் நகலை இணையத்திலேயே எடுத்துவிடலாம். அதைக் கையில் வைத்துக்கொண்டு பெரியப்பாவோடு நான்கு மூலையும் நட. எல்லைக்கல் வெளியே தெரியாது, வண்டல் மூடி ஒரு அடி கீழே போயிருக்கும். மூலையில் கடப்பாரையை நாலைந்து இடத்தில் இறக்கிப் பார்த்தால் 'ணங்'கென்று ஒரு சத்தம் வரும். மண்ணை ஒதுக்கி, கல்லை அசைக்காமல் தலையில் சுண்ணாம்பு அடித்து, படம் எடுத்துக்கொள். பக்கத்து நிலத்துக்காரரை முதல் நாளே சொல்லிக் கூப்பிட்டுவிடு. அவர் இல்லாதபோது கடப்பாரையைத் தூக்கினால் அன்றோடு பகை.

தம்பிக்கும் உனக்கும் பாகம் பிரிப்பதைப் பற்றி அம்மா ஒரு வார்த்தை சொன்னார்கள். வாய்க்கால் பக்கத்துப் பாதி உனக்கு, வடிகால் பக்கத்துப் பாதி தம்பிக்கு என்று பேசிக்கொண்டீர்களாமே. வேண்டாம் மாப்ளே. கன்னி தெற்கே இருக்கிறது, வடிகால் வடக்கே இருக்கிறது. குறுக்கே வரப்புப் போட்டால் தம்பி நிலத்துக்குத் தண்ணீர் உன் வயல் வழியாகத்தான் போக வேண்டும். நீ உரம் போட்டுவிட்டு மடையை அடைத்திருப்பாய், அவனுக்கு அன்றுதான் தண்ணீர் தேவைப்படும். ஐப்பசி மழையில் உன் வயல் தண்ணீரும் அவன் பயிர் மேலேயே வடியும். நெடுக்கே பிரி. கன்னியிலிருந்து வடிகால் வரை நீளமாக ஆளுக்கு ஒரு பட்டை. இருவருக்கும் சொந்த மடை, சொந்த வடி. பட்டை ஒல்லியாகிவிடுகிறதே என்று தோன்றினால், பெல்ட் போட்ட அறுவடை வண்டி திரும்ப இடம் இருக்கிறதா என்று மட்டும் பார். வண்டி இறங்க ரோட்டுப் பக்கம் பத்துப் பன்னிரண்டு அடிப் பாதையைப் பொதுவில் விட்டு, அதைப் பத்திரத்திலும் எழுதிவிடுங்கள்.

போர்செட் இருக்கிறதே, அதுதான் பின்னால் அண்ணன் தம்பியை அதிகம் பிரிக்கும். விவசாய மின் இணைப்பு ஒருவர் பேரில்தான் இருக்கும், புது இணைப்புக்கு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இணைப்பு யார் பேரில் மாறினாலும் மோட்டாரும் குழாயும் பொது, முறை ஒருநாள் விட்டு ஒருநாள், ரிப்பேர் செலவு பாதிப் பாதி என்று வரி வரியாக எழுதிக்கொள்ளுங்கள். "எங்களுக்குள் என்னடா எழுத்து" என்பாய். உங்களுக்குள் வேண்டாம், உங்கள் பிள்ளைகளுக்கு வேண்டும்.

இனி காகிதம். இறப்பைத் தஞ்சாவூரில் ஆஸ்பத்திரியிலேயே பதிந்தாகிவிட்டது என்று தம்பி சொன்னான். நல்லது, 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணமும் இல்லை. ஆனால் சான்றிதழில் அப்பா பெயரை எழுத்தெழுத்தாகப் பார். பழைய பத்திரத்தில் பெயருக்குப் பின்னால் ஒரு வால் இருக்கும், ஆதாரில் அது இருக்காது, ரேஷன் கார்டில் இனிஷியல் மாறியிருக்கும். மூன்றும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்கத் தனியாக அலைய வேண்டி வரும். சான்றிதழில் தப்பு இருந்தால் இப்போதே திருத்து.

அடுத்தது வாரிசுச் சான்று. இ-சேவையில் மனுக் கொடுத்தால் வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர் வழியாகத் தாசில்தாருக்குப் போகும். அதில் அக்கா பெயரை விட்டுவிடாதே. கல்யாணம் ஆகி மயிலாடுதுறைக்குப் போய்விட்டார்கள், சீர் செய்தாகிவிட்டது என்ற பேச்செல்லாம் சட்டத்தில் நிற்காது. அப்பா உயில் எழுதவில்லை. அவர் சொந்தமாக வாங்கிய நிலத்தில் அம்மா, அக்கா, நீ, தம்பி நால்வருக்கும் சமபங்கு. அப்பாவைப் பெற்ற ஆத்தா உயிரோடு இருந்திருந்தால் அவர்களுக்கும் சேர்த்து ஐந்து. இன்னொரு நிலம் பள்ளக்கட்டளை பூர்வீகம், அதன் கணக்கு வேறு. பெண்ணுக்கும் பிறப்பாலேயே பங்கு என்று 2005-ல் சட்டம் திருத்தி, 2020-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொல்லிவிட்டது. பழைய பத்திரங்களோடு வக்கீலிடம் ஒருமுறை உட்கார்.

அக்கா தன் பங்கை வேண்டாம் என்று சொல்லலாம், அது அவர்கள் மனசு. அப்படியென்றால் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிய வேண்டும், வெள்ளைத்தாள் கையெழுத்து செல்லாது. கையெழுத்துக்கு முன்னால் அக்காவே முழுக்கப் படித்துப் பார்க்கட்டும். அம்மா பங்கை மட்டும் நீயும் தம்பியும் எழுதி வாங்காதீர்கள். கேட்டால் உடனே கொடுத்துவிடுவார்கள், அதனால்தான் சொல்கிறேன். தன் பேரில் ஒரு மா நிலம் இருக்கிற அம்மாவுக்கும், ஒன்றும் இல்லாத அம்மாவுக்கும் அந்த வீட்டுக்குள்ளேயே நடக்கிற மரியாதை வேறு. பத்திர ஆபீஸ் வாசலில் தினமும் உட்கார்ந்திருக்கிறவன் சொல்கிறேன், இதை மட்டும் கேள்.

பள்ளக்கட்டளை பெரியப்பாவும் அப்பாவும் சேர்ந்த கூட்டுப் பட்டா. இன்று பெரியப்பா ஒரு கையெழுத்துப் போட்டால் அவர் பக்கத்து வேலை முடிந்தது. அவருக்குப் பிறகு என்றால் ஐந்து பிள்ளைகள் கையெழுத்து வேண்டும். ஒருவன் துபாயில் இருக்கிறான், பவர் பத்திரம் எழுதி அங்கிருந்து அனுப்ப வேண்டும். பத்திரம் பதிந்ததும் உட்பிரிவோடு பட்டா மாறுதலுக்கு மனுப் போடு. பட்டா அப்பா பேரிலேயே கிடந்தால் அடங்கலுக்கும் (வி.ஏ.ஓ. எழுதுகிற பயிர்க் கணக்கு) பயிர்க்காப்பீட்டுக்கும் ஒவ்வொரு போகமும் விளக்கம் சொல்ல வேண்டும், கொள்முதல் நிலையத்தில் நெல் போடுகிற அன்றைக்குத்தான் அது தலைவலியாகத் தெரியும். அப்பா ஏ.டி.எம். கார்டு தம்பியிடம் இருக்கிறது போல. அதைத் தொட வேண்டாம் என்று சொல். வங்கியில் நாமினியாக நீயே இருந்தாலும் பணத்தை வாங்கிக்கொடுக்கிற பொறுப்புதான் உனக்கு, பணம் வாரிசுகள் எல்லாருக்கும்.

மூலப்பத்திரம் பரணில் ட்ரங்குப் பெட்டியில் எட்டாக மடித்து இருக்கிறது, அம்மா காட்டினார்கள். மடிப்பு விழுந்த இடத்தில் நூலாகத்தான் ஒட்டியிருக்கிறது, சர்வே எண் சரியாக அந்த மடிப்பில்தான் வருகிறது. லேமினேட் செய்துவிடாதே. பிரித்து, மடிக்காமல் பெரிய பிளாஸ்டிக் உறையில் வை, கூடவே ராமபாணப் பூச்சி வராமல் இரண்டு துண்டு வசம்பு. முதலில் ஸ்கேன் எடுத்து அக்காவுக்கும் தம்பிக்கும் அனுப்பு.

இப்போது வயலில் உளுந்து நிற்கிறது. பங்குனிக் கடைசியில் பிடுங்கிவிடுவார்கள். அதற்குப் பிறகு தரை காய்ந்து கிடக்கும், சங்கிலி போட்டு அளக்க அதுதான் காலம். மேட்டூரை ஜூன் 12-ல் திறந்தால் சில நாளில் கல்லணை, பிறகு நம் வாய்க்கால். நாற்றங்கால் சேறடித்துவிட்டால் எந்த சர்வேயரும் இறங்கமாட்டார். அடுத்த வருஷம்தான்.

பெரியப்பாவிடம் பேசிவிட்டேன். முட்டி வலி, வெயில் ஏறினால் நடக்க முடியாது, காலை ஆறு மணிக்கு என்றால் வருகிறேன் என்றார். நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு குட்டையன் கூடவே வருவான். கடப்பாரையும் சுண்ணாம்பு வாளியும் என் பொறுப்பு. உளுந்து எடுத்த மறு ஞாயிறு. சனிக்கிழமை ராத்திரியே பஸ் ஏறிவிடு, தம்பியையும் அக்காவையும் வரச் சொல்.

உன்,
கோடிவீட்டுக்காரன்