ரங்கூன் போட்டோ பத்தி உனக்கு ஒரு லெட்டர்

கண்ணு,

குளிர் எப்படி இருக்கு, நேரத்துக்கு சாப்பிடறியா. போன வாரம் போன்ல ஒண்ணு கேட்ட பாரு, ஜப்பான்காரன் குண்டு போட்டதுக்கு அப்புறம் 1942ல அப்பத்தா குடும்பமே பர்மாவுல இருந்து கட்டின துணியோட நடந்து வந்துச்சுன்னா, அப்பத்தா சின்னப் புள்ளையா இருக்கறப்ப ரங்கூன் ஸ்டூடியோல எடுத்த இந்த போட்டோ மட்டும் எப்படிப்பா நம்ம வீட்டுக்கு வந்துச்சுன்னு. ரொம்ப நல்ல கேள்விம்மா. இத்தனை வருஷம் யாருமே கேக்கல.

பிரேமைக் கழட்டிப் பாத்தேன். பின்பக்கம் போஸ்ட் கார்டு! அந்தக் காலத்துல ஸ்டூடியோக்காரங்க போட்டோவையே கார்டு பேப்பர்ல பிரிண்ட் போட்டுக் குடுப்பாங்க, பின்னாடி நடுவுல ஒரு கோடு, ஒரு பக்கம் விலாசம், மறுபக்கம் சேதி. அப்பத்தாவோட அப்பா பென்சில்ல எழுதியிருக்கார், "எல்லோரும் சுகம். பிள்ளை முகத்தை ஆத்தாளுக்குக் காட்டவும்." படிச்சதும் கொஞ்ச நேரம் எனக்கு பேச்சே வரல. அப்ப நடந்து வரும்போது இந்தப் படத்தை யாரும் தூக்கிட்டு வரல, அதுக்கு முன்னாடியே தபால்ல ஊருக்கு வந்துருச்சு.

எப்ப வந்துச்சுன்னும் ஓரளவு புடிச்சிட்டேன். முத்திரையில ரங்கூன்னு தெரியுது, வருஷம் அழிஞ்சு போச்சு. ஆனா ஸ்டாம்ப் இருக்கு, ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட சாதா இந்திய ஸ்டாம்ப். பர்மா 1937 ஏப்ரல் 1 வரைக்கும் இந்தியாவோட ஒரு மாகாணமாத்தான் இருந்துச்சு, பிரிஞ்சதும் அதே இந்திய ஸ்டாம்ப் மேல பர்மான்னு இங்கிலீஷ்ல அச்சடிச்சு வித்தாங்க. நம்ம கார்டுல அந்த அச்சு இல்ல. அதனால 1937க்கு முந்தினதுன்னு வச்சுக்கலாம். அப்பத்தா நடந்து வந்தப்ப பன்னெண்டு வயசுன்னு சொல்லுவாங்க, படத்துல அஞ்சு வயசுக்கு மேல சொல்ல முடியாது, அப்ப 1935 வாக்குல, கணக்கு சரியா வருது.

ஸ்டூடியோ பேருதான் இன்னும் சிக்கல. கீழ் மூலையில மை இல்லாம அழுத்தி அச்சு போட்டிருக்காங்க, நேரா பாத்தா ஒண்ணுமே தெரியாது, லைட்டை அணைச்சிட்டு போன் டார்ச்சை படத்து மட்டத்துக்கு சாய்ச்சுப் புடிச்சா எழுத்து மேல எழும்பி வருது. ரங்கூன்னு படிக்க முடியுது, அதுக்கு முன்னாடி இருக்கற பேரு தேஞ்சிருச்சு. இனிமே ஆதாரம்னா படத்துக்குள்ள இருக்கற சாமான்தான். ஒரே ஸ்டூடியோல எல்லாருக்கும் அதே திரை, அதே மேஜைதான் போடுவாங்க. இதுல பின்னாடி திரையில தூணும் படிக்கட்டும் வரைஞ்சிருக்கு, அப்பத்தா கை வச்சிருக்கற வட்ட மேஜையோட ஒரு காலுல சில்லு பேந்திருக்கு. அந்தக் காலு வேற யார் வீட்டுப் படத்துலயாவது வந்து, அதுல ஸ்டூடியோ பேரு தேயாம இருந்துச்சுன்னா, பேரு கிடைச்ச மாதிரிதான். 1931 ஜனத்தொகைக் கணக்குப்படி ரங்கூன்ல பாதிக்கு மேல நம்ம இந்திய ஜனங்கதான், அதனால எங்கயாவது இல்லாமப் போகாது. பாண்டிச்சேரி பிரெஞ்சு இன்ஸ்டிட்யூட்ல தமிழ்நாட்டு ஸ்டூடியோ படங்களையெல்லாம் தேடி சேத்து வச்சிருக்காங்க, அங்கயும் போயி கேக்கப் போறேன்.

இந்த போட்டோவை நீ கம்ப்யூட்டர்ல கலர் பண்ணி அனுப்பினதை அம்மா எல்லாருக்கும் காட்டினா. ஆனா பாவாடையை அது கறுப்பாவே விட்டிருச்சு பாரு, அந்தக் காலத்துல போட்டோ எடுக்கற நெறய கண்ணாடி பிளேட்டுக்கு சிவப்பு தெரியாது, சிவப்பெல்லாம் கறுப்பா விழும். அது அரக்குப் பாவாடையாக்கூட இருக்கலாம்மா. அதனால எதுக்கும் ஒரிஜினல் ஸ்கேனை தனியா பத்திரமா வை.

இப்ப உன்னால ஒரு காரியம் ஆகணும். அப்பத்தா தம்பி வழியில கனடாவுல மிசிசாகால இருக்காரே உன் மாமா, அவர் வீட்டுலயும் ஒரு ரங்கூன் படம் இருக்குன்னு சொல்றாங்க. இந்த சனி ஞாயிறு போயி பாரு. முகத்தை மட்டும் போன்ல எடுத்துட்டு வந்துறாத, ஓரம், அட்டை, முன்பக்கம் பின்பக்கம் எல்லாம் 600 டிபிஐல ஸ்கேன் பண்ணு, மேஜை இருந்தா காலை தனியா பெருசா எடு. படம் கண்ணாடியோட ஒட்டியிருந்தா பிக்கவே கூடாது, மேல் பூச்சு கண்ணாடியோடயே உரிஞ்சு வந்துரும். கண்ணாடியோடவே ஸ்கேன் பண்ணி அனுப்பு.

அப்பா