ஆய்வு மாணவர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

புதியவர் வரவேற்பும் ஆண்டு விழாவும் வழக்கம்போல நடந்தன; படங்களை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். சங்கத்துக்கு உண்மையில் வேலை வைத்தவை விசா சந்தேகங்கள்தான். அவற்றில் பாதிக்கு மேல், மற்ற மாணவர்களுக்கான விதியை நமக்கும் பொருத்திப் பார்த்ததால் வந்தவை.

பிரிட்டனில் மாணவர் விசாவில் முனைவர் பட்டம் படிப்பவர் வாரம் 20 மணி நேரம் வேலை பார்க்கலாம். இளநிலை மாணவர்கள் கோடை விடுமுறையில் முழு நேரம் போவார்கள். நமக்கு அந்த விடுமுறையே கிடையாது. ஆண்டு முழுவதும் பாடக்காலம்தான். பல்கலைக்கழகம் அனுமதித்த விடுப்பில் மட்டுமே கூடுதல் நேரம் பார்க்கலாம். கைடு வாய்வார்த்தையாகச் சரி என்றால் போதாது, விடுப்பு பதிவாகியிருக்க வேண்டும். துறையில் சம்பளத்துக்கு எடுக்கும் வகுப்பும் அந்த 20 மணிக்குள் சேரும். வாரம் என்பது திங்கள் முதல் ஞாயிறு வரை. ஒரு வாரம் 26, மறு வாரம் 14 என்று சராசரி காட்ட முடியாது.

"சைக்கிள் இருக்குண்ணே, சாயங்காலம் ரெண்டு மணி நேரம் சாப்பாடு டெலிவரி பண்ணா 20 மணிக்குள்ளதானே வருது?" என்று ஒரு தம்பி கேட்டார். சிக்கல் மணிக்கணக்கில் இல்லை. அப்படி ஓட்டுபவர்கள் பெரும்பாலும் சுயதொழில் செய்பவர்களாகவே கணக்கில் வருவார்கள். மாணவர் விசாவில் சுயதொழில் ஒரு மணி நேரம்கூடக் கூடாது. நாமே ஆள் பிடித்து நடத்தும் ஆன்லைன் டியூஷனும் அப்படித்தான்.

நமக்குச் சாதகமானவையும் உண்டு. 2024 ஜனவரி 1 முதல் படிப்பைத் தொடங்கியவர்களில், ஆய்வுப் படிப்புக்காரர்களைத் தவிரப் பெரும்பாலோர் குடும்பத்தை அழைத்துவர முடியாது. முனைவர் படிப்பில் 24 மாதம் முடித்தவர், விசாவுக்கு ஸ்பான்சராக நிற்கும் நிறுவனத்தில் வேலை கிடைத்தால் பட்டம் வரும்வரை காத்திராமல் ஸ்கில்டு வொர்க்கர் என்ற வேலை விசாவுக்கு மாறலாம். படிப்பு முடிந்தபின் இங்கேயே தங்கி வேலை பார்க்க உதவும் கிராஜுவேட் விசா மற்றவர்களுக்கு 2 ஆண்டு. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அது 18 மாதமாகச் சுருங்குகிறது. நமக்கு 3 ஆண்டு அப்படியே இருக்கிறது. அதற்கு ஸ்பான்சரும் வேண்டாம், குறைந்தபட்சச் சம்பளமும் இல்லை. ஆனால் நீட்டிக்க முடியாது. குறைந்த சம்பளத்தில் ஸ்கில்டு வொர்க்கர் விசா பெற உதவும் 'புதிய பணியாளர்' சலுகைக்கு மொத்தம் 4 ஆண்டுதான் வரம்பு, அதில் கிராஜுவேட் விசாக் காலமும் கழியும். மூன்று ஆண்டையும் நிதானமாகச் செலவழித்துவிட்டு வேலை தேடினால் கையில் ஓராண்டுதான் மிஞ்சும். இதைச் சீனியர்கள் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை என்பது என் வருத்தம்.

வைவா என்னும் வாய்மொழித் தேர்வு முடிந்ததுமே கிராஜுவேட் விசாவுக்கு விண்ணப்பிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். படிப்பு வெற்றிகரமாக முடிந்ததாகப் பல்கலைக்கழகம் உள்துறைக்குத் தெரிவித்திருக்க வேண்டும். ஆய்வேட்டுத் திருத்தங்கள் இழுத்தால் அதுவும் இழுக்கும், மாணவர் விசாவோ காத்திருக்காது. முடிய மூன்று நாள் இருக்கும்போது இரவு பதினோரு மணிக்கு எனக்குப் போன் செய்வதால் பயனில்லை. ஆறு மாதம் முன்பே சர்வதேச மாணவர் அலுவலகத்தைப் பாருங்கள்.

போன் செய்தாலும் பொதுவான விதியைத்தான் சொல்வேன். உரிய அங்கீகாரம் இல்லாமல் தனிப்பட்ட குடிவரவு ஆலோசனை தருவது இங்கே குற்றம். ஆகவே குழுவில் யாருடைய விண்ணப்பத்துக்கும் யாரும் தீர்ப்புச் சொல்ல வேண்டாம் எனச் செயற்குழு முடிவு செய்துள்ளது.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார்.