உழைக்காமல் வந்த சோறா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பவுண்டி கப்பலைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். 1789-இல் அந்தக் கப்பலின் தலைவர் பிளை, பசிபிக் கடலிலுள்ள தஹிதித் தீவிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட சீமைப்பலாக் கன்றுகளை ஏற்றிப் புறப்பட்டது, வழியில் வெடித்த கலகம் எல்லாம் நன்றாக இருந்தது. ஆனால், அந்தத் தீவு மக்கள் பாடுபடாமலே மரம் அவர்களுக்குச் சோறு போட்டது என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. அது சரியில்லை.

எங்கள் கொல்லையிலும் ஒரு சீமைப்பலா நிற்கிறது. இலங்கைக்காரர்கள் ஈரப்பலா என்பார்கள். காய்க்கத் தொடங்கினால் ஒரேயடியாகக் காய்த்துத் தள்ளும். பறித்த காய் சில நாளிலேயே குழைந்துவிடும். அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தது போக மிச்சம் வீண்தான்.

தஹிதி போன்ற பசிபிக் தீவுகளின் மக்களான பாலினீசியர்கள் அந்த மிச்சத்தைத்தான் சேமித்தார்கள். தோலையும் நடுத்தண்டையும் நீக்கி, இலைகளை அடுக்கிய குழியில் சதையை அமுக்கி, மேலேயும் இலை போட்டுக் கல்லை ஏற்றி மூடிவிடுவார்கள். உள்ளே அது புளித்து, கெடாத மாவாகிவிடும். சமோவாவில் இது மாசி, தஹிதியில் மஹி, மார்க்கேசஸ் தீவுகளில் வெறும் 'மா'. நம் காதுக்கு எவ்வளவு நெருக்கமான சொல்! மார்க்கேசஸில் பழைய மாவையும் கொஞ்சம் புதுக் குழியில் சேர்ப்பார்கள். அங்கே மழை பொய்த்து மரங்கள் காய்க்காமல் போகும் பஞ்சம் அடிக்கடி வந்திருக்கிறது. அதற்கென்றே ஊர்ப் பொதுக் குழிகளையும் வெட்டி வைத்தார்கள். மூடிய குழி பல ஆண்டுகள் தாங்கும். எடுத்துப் பிசைந்து, இலையில் பொதிந்து மண்ணடுப்பில் சுட்டு, புதிதாகச் சுட்ட காயோடு கல்குழவியால் இடித்தால் அதுதான் அவர்களுடைய போபோய்.

அப்புறம், அங்கே வளரும் பல ரகங்களில் விதையே கிடையாது. வேரில் கிளம்பும் கன்றைப் பெயர்த்துத்தான் நடவேண்டும். அப்படியானால் அந்த மரங்கள் தானாகக் கடல் தாண்டியிருக்க முடியாது. ஈரம் காயாமலும் உப்பு நீர் படாமலும் பொத்திப் பொத்தி ஓடத்தில் கொண்டுபோய்த் தீவுதீவாக நட்டிருக்கிறார்கள். பிளைக்குக் கிடைத்த கன்றுகளும் அவர்கள் வளர்த்த மரங்களிலிருந்து வந்தவைதான்.

பிளை 1793-இல் இரண்டாம் பயணத்தில் கரீபியன் தீவுகளுக்கு மரத்தைக் கொண்டு சேர்த்ததை அரைப்பக்கத்துக்கு எழுதிய கட்டுரையாளர், இந்தக் குழிகளுக்கு இரண்டு வரியாவது ஒதுக்கியிருக்கலாம். அடுத்த இதழிலாவது இதைத் தனிக் கட்டுரையாக வெளியிட வேண்டுகிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகி,
மார்த்தாண்டம்